கொட்டகையில் ஈரம்

"உஸ்ஸ்ஸ்..."

காளிச்சாமி வாசலில் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சீறல் கார் கொட்டகைக்குள்ளிருந்து வந்தது. நீளமாக ஒரு முறை. அடங்கி, மறுபடியும் மெல்ல.

"பாம்பு! டேய் ஏசுரத்தினம், தடி எடுத்துட்டு ஓடியா!"

கட்டுத்தறியில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பண்ணையாள் ஏசுரத்தினம் மூங்கில் தடியோடு ஓடிவந்தான். அவன் பெண்டாட்டி மூக்கம்மாள் விளக்குமாற்றோடு வந்தாள். கடைசியாகச் சமையல்கட்டிலிருந்து சரஸ்வதியம்மாள் வந்து நின்றாள். புருசனை அந்த நேரத்தில் எதிர்பார்க்காத முகம்.

"என்னுங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"பொள்ளாச்சியில தேங்கா ஏலம் நடக்கல. மூட்டை தூக்கறவங்களுக்கும் வியாபாரிகளுக்கும் சண்டை. அதை உடு, உள்ள பாம்பு கிடக்குது. நல்லபாம்பாட்டம் சீறுது."

ஏசுரத்தினம் காருக்கடியில் தடியை விட்டுத் துழாவினான். டயர்களைத் தட்டினான். மூலையில் கிடந்த தேங்காய் மட்டைகளைப் புரட்டினான். சீறல் நின்றுவிட்டது. பாம்பும் இல்லை, பாம்பு போன தடமும் இல்லை. காரின் மூக்குக்கு நேர் கீழே தரையில் ஈரம் மட்டும் பரவியிருந்தது.

"போயிருச்சுய்யா. சத்தம் கேட்டதும் ஓடிருக்கும்."

காளிச்சாமி குனிந்து ஈரத்தை விரலால் தொட்டு மோந்தார். துருவாடை. ரேடியேட்டர் தண்ணீர். பானெட்டின் மேல் கையை வைத்தார்; சுரீரென்றது. சித்திரை வெயில் தகரக் கூரையைத் தாண்டி இறங்கும் கொட்டகையில் எதைத் தொட்டாலும் அப்படித்தான் சுடும். கையை உதறிக்கொண்டார்.

"மறுபடியும் தண்ணியைத் தொறந்து உட்டிருக்கறாங்க" என்றார். "ஆரோ நம்ம ஊட்டுக்குள்ள பூந்து வேலை பண்றாங்க, சரசு."

சரஸ்வதியம்மாள் முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். "மொதல்ல வந்து மோர் குடிங்க. வெயில்ல வந்திருக்கறீங்க."

இது முதல் தடவையல்ல. பங்குனி கடைசியிலிருந்தே அப்படித்தான். காளிச்சாமி பஸ்ஸில் ஏலத்துக்குப் போய்விட்டுப் பொழுதோடு வந்து பார்ப்பார். கொட்டகைத் தரையில் ஈரக்கறை இருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் கீழே போயிருக்கும். அவர் வீட்டிலிருக்கும் நாளில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. ஓட்டையான வண்டிக்கு ஆள் பார்த்து ஒழுகத் தெரியுமா? அவர் மனசுக்குள் முதலில் வந்து உட்கார்ந்தது இந்தக் கேள்விதான். அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை.

வண்டி அறுபத்தெட்டாம் வருசத்து அம்பாசடர். கடலை நன்றாக விளைந்த ஒரு வருசம் அப்பன் வாங்கியது. அப்பனுக்கு ஓட்டத் தெரியாது. டிரைவருக்குப் பக்கத்தில், முன் சீட்டின் இடது ஓரத்தில், ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு உட்காருவார். சந்தைக்குப் போனாலும் அங்கேதான், சாவுக்குப் போனாலும் அங்கேதான். ஓடிய தூரம் காட்டும் முள் அவர் காலத்திலேயே நின்றுவிட்டது. பெட்ரோல் முள் எப்போதும் பாதியில் நிற்கும். நிரப்பினாலும் பாதி, வற்றினாலும் பாதி.

அப்பன் போனபின் நிலத்தைப் பிரிக்கச் சிரமம் இருக்கவில்லை. வாய்க்காலுக்கு அக்கட்ட இருப்பது அண்ணன் கிட்டுச்சாமிக்கு, இக்கட்ட இருப்பது தம்பி காளிச்சாமிக்கு. காரைத்தான் இரண்டாக வெட்ட முடியவில்லை. மாரியம்மன் கோயிலில் பூக் கேட்டார்கள். இலையில் மடித்த சிவப்பு அரளி, வெள்ளை அரளிப் பொட்டணங்களைச் சாமி முன்னால் போட்டு ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது. சிவப்பு தம்பிக்கு.

"பூ மடிச்சதே அவன்ற மச்சான்தானே!" என்று கிட்டுச்சாமி கோயில் வாசலிலேயே கத்தினார். "பாத்துட்டே இருங்க, அப்பன் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடப் போறான் இவன்."

அத்தோடு பேச்சு முறிந்தது. கல்யாணம், காதுகுத்து, எதிலும் ஒரு பந்தியில் உட்காருவதில்லை. வாய்க்காலில் அண்ணன் குளிக்க இறங்கினால் தம்பி கரையேறிவிடுவார்.

ஆகவே கொட்டகையில் ஈரத்தைப் பார்த்ததும் காளிச்சாமிக்கு வேறு ஆள் யாரும் நினைவுக்கு வரவில்லை. இஞ்சினில் தண்ணீர் இல்லாமல் ஒருநாள் ஓட்டினால் போதும், எல்லாம் வெந்து இறுகிப் போகும். அப்புறம் இரும்புக் கடைதான். அண்ணன் சொன்ன வாக்கு பலித்துவிடும்.

மறுநாளே காவல் போட்டார். ரேடியேட்டருக்கு அடியில் தண்ணீர் திறந்துவிடும் திருகில் மஞ்சள் கயிறு சுற்றி, தனக்கு மட்டும் தெரிந்த மாதிரி முடிச்சுப் போட்டார். அடுத்த ஏலநாள் போய்விட்டு வந்து பார்த்தார். முடிச்சு போட்டபடியே இருந்தது. தரை ஈரமாக இருந்தது.

"கயிறு அவுறாம தண்ணி எப்படி எறங்கும்?" சாப்பாட்டில் கைவைத்தபடி கேட்டார். அரிசிம்பருப்பும் நெய்யும் ஆறிக்கொண்டிருந்தன. "சொல்லு பார்க்கலாம்."

"எனக்கென்னுங்க தெரியும்? பழைய வண்டி. நம்மளுக்கே இந்த வயசுல அங்கங்க ஒழுகுது."

"வாசல்ல தடம் பாக்கலாம்னா நீ சாணி தெளிச்சுக் கூட்டி வெச்சிருக்கறே. காலையில தெளிச்சா பத்தாதா? மத்தியானமுமா?"

"புழுதி பறக்குதுங்க. எருமைப் பால்ல மண்ணு உழுந்தா சொசைட்டியில ஆரு எடுப்பாங்க?"

நியாயமாகத்தான் இருந்தது. சரஸ்வதியம்மாளின் பேச்சு எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும். முப்பது வருசக் குடித்தனத்தில் அவள் ஒரே ஒரு காரியத்தில்தான் அவரைச் சிரிக்க வைத்திருக்கிறாள். மகள் பிரதீபா பெங்களூருக்கு வேலைக்குப் போகுமுன் பாலக்காட்டுச் சித்தூரில் கார் ஓட்டப் பழகினாள். துணைக்குப் போன தாயும் சேர்ந்து பழகி, மகளுக்கு முன்னால் லைசென்சும் வாங்கிவிட்டாள். "அரிசிப் பானையில பத்திரமா வெய்யி" என்று காளிச்சாமி ஒரு மாசம் சொல்லிச் சிரித்தார்.

வட்டிலைக் கழுவ வந்த மூக்கம்மாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அம்மா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பெரியய்யாவுக்குக் கிட்னி ரெண்டும் போயிட்டாம்லா. வாரத்துக்கு ரெண்டு மட்டம் ஆஸ்பத்திரியில ரத்தத்தை எடுத்துச் சுத்தம் பண்ணி ஏத்துதாங்களாம். ஆளு வத்தலா வத்திப் போயிட்டாரு, பாவம்."

"அவன் பேச்சே இந்த ஊட்ல வேண்டாம்!" காளிச்சாமி வட்டிலைத் தள்ளினார். "உனக்கு ஆரு சொன்னா? உன்ற புருசனா? அவனுக்கு அங்கென்ன வேலை?"

மூக்கம்மாள் வட்டிலை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். ஆனால் கேள்வி காளிச்சாமியிடம் தங்கிவிட்டது. ஏசுரத்தினம் அண்ணன் வீட்டுப் பக்கமிருந்து வாய்க்கால் பலகையைத் தாண்டி வருவதை அவரே ஒருநாள் பார்த்திருக்கிறார். கேட்டதற்கு, "சும்மா போயிட்டு வாரேன்யா" என்றான். சும்மா போவதற்கு அங்கே என்ன சினிமாவா ஓடுகிறது?

இடுக்கி மலையில் எஸ்டேட்டை மூடியதும் பிழைக்கப் பாலக்காட்டுப் பக்கம் இறங்கி வந்த குடும்பம் அது. தோட்டத்துச் சாளை வீட்டில் ஒரு பாகத்தைக் கொடுத்து வைத்துக்கொண்டார். பால் கறப்பான், தென்னைக்கு மடை கட்டுவான், கேட்டதற்குமேல் ஒரு சொல் பேசமாட்டான். இத்தனை நாள் அந்த வாயடக்கம் நல்ல குணமாகத் தெரிந்தது. இப்போது வேறுமாதிரி தெரிந்தது. போதாக்குறைக்கு, அவன் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினவன். வண்டியின் உள்ளும் புறமும் தெரிந்தவன்.

அடுத்த நாள் காளிச்சாமி காரை ஓர் அங்குலம் விடாமல் சோதித்தார். பின் சீட்டின் இடுக்கில் கையை விட்டபோது சின்னதாக ஒன்று அகப்பட்டது. சுருட்டிய பஞ்சு. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்டர். பஞ்சின் நடுவில் காய்ந்த ரத்தம்.

பஞ்சை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார்.

"சரசு! இங்க வா! செய்வினை வெச்சுட்டான் புள்ள! ரத்தம் தொட்டு வெச்சிருக்கறான் பாரு!"

சரஸ்வதியம்மாள் வந்து பார்த்தாள். பயப்படவில்லை. அவர் உள்ளங்கையிலிருந்து பஞ்சை எடுத்து, நேராகப் போய் எரிகிற அடுப்பில் போட்டாள்.

"செய்வினை வெக்கறவன் பிளாஸ்டர் போட்டா வெப்பான்? பிரதீபா வந்திருந்தப்ப கால்ல முள்ளுக் குத்துச்சில்ல, அதா இருக்கும். உங்களுக்குக் கண்டதெல்லாம் சந்தேகம்."

"செய்வினை எடுக்கற தலைச்சேரிப் பணிக்கரைக் கூட்டியாந்து பாத்துரலாமா?"

"மொதல்ல அப்பாஸைக் கூட்டியாந்து பாருங்க. வண்டிக்கு வைத்தியம் பண்றவன் அவன்தான்."

சொன்னபின் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டதை அவர் கவனித்தார். ஏனென்று யோசிக்கவில்லை.

அப்பாஸ் கோவிந்தாபுரம் ரோட்டில் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். காளிச்சாமியோடு ஒன்றாய்ப் படித்தவன். படித்ததைவிட ஒன்றாய் அடி வாங்கியது அதிகம். வந்ததும் மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"என்னப்பா காளி, உன்ற வண்டியில குட்டிச்சாத்தான் குடியிருக்குதாமே? எவ்வளவு வாடகை தருது?"

"வெளையாடாதே அப்பாஸு. எவனோ தண்ணியை எறக்கறான்."

"எறக்கறானா எறங்குதான்னு பார்க்கலாம். தங்கச்சி! மூஞ்சிக்குப் போடற பவுடர் இருந்தா ஒரு டப்பா குடு. பயப்படாதே, எனக்கில்ல."

பவுடரை எதற்கென்று கேட்காமல் காளிச்சாமி பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாஸ் ரேடியேட்டரை நிரப்பினான். இஞ்சினின் முன்பக்கம், ரப்பர் குழாய்கள், பம்பு எல்லாவற்றையும் துணியால் துடைத்துக் காயவிட்டான். பிறகு வீட்டுப் பெண்கள் குழந்தைக்கு அப்புவதுபோல எல்லா இடத்திலும் பவுடரைத் தூவினான். கறுத்த இஞ்சின் வெளுத்துச் சிரித்தது. அடியில் தவிட்டுச் சாக்கை விரித்தான்.

"இப்ப எங்க ஒரு சொட்டு வந்தாலும் பவுடர்ல கோடு உழுந்துரும். இரு, சாப்பிட்டுட்டு வந்து பார்க்கலாம்."

சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். சாக்கு காய்ந்து கிடந்தது. இஞ்சினைக் கிளப்பி நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைத்தார்கள். கோடு விழவில்லை.

"பாத்தியா!" என்றார் காளிச்சாமி. "வண்டியில ஒண்ணும் இல்ல. மனுசங்ககிட்டத்தான் இருக்குது."

"அவசரப்படாதே. எடு வண்டியை. ஒரு சுத்துப் போயிட்டு வரலாம்."

முன் சீட்டின் இடது ஓரத்தில் ஒரு தேங்காய்ச் சாக்கு கிடந்தது. அப்பாஸ் தயங்கினான்.

"உங்கப்பா உக்கார்ற எடமாச்சே காளி."

"சாக்கைத் தள்ளீட்டு உக்காரு. செத்தவருக்கு எதுக்குடா சீட்டு?"

கோவிந்தாபுரம் தாண்டி வெகுதூரம் போனார்கள். கண்ணாடி வழியே அனல் அடித்தது. பனைகள் ஆடாமல் நின்றன. வண்டி ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. அப்பாஸ் மட்டும் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தான்.

திரும்பி வந்து கொட்டகையில் நிறுத்தி இஞ்சினை அணைத்ததும் அப்பாஸ் பானெட்டைத் தூக்கினான். இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஏசுரத்தினம் தள்ளித் தூணோரம் நின்றான். சரஸ்வதியம்மாள் சமையல்கட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள். மூக்கம்மாள்தான் எல்லாருக்கும் முன்னால் தலையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்றுமில்லை. மேலும் கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. சூடான இரும்பு டிக் டிக்கென்று சத்தமிட்டது.

"உஸ்ஸ்ஸ்..."

காளிச்சாமி துள்ளிப் பின்வாங்கினார். அதே சீறல். நீளமாக ஒன்று, அடங்கி, மறுபடியும் மெல்ல.

"இதா உன்ற பாம்பு" என்றான் அப்பாஸ். பம்புக்கும் இஞ்சின் தலைக்கும் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய் ஒளிந்திருந்தது. அதன் அடிவயிற்றில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு. அதிலிருந்து ஆவி சீறியது. பின்னாலேயே தண்ணீர் பவுடரில் ஈரக்கோடு போட்டு இறங்கிச் சாக்கில் சொட்டியது.

"ஓடறப்ப வர்லியே?"

"ஓடறப்ப பம்பு தண்ணியைச் சுத்த உடுது, ஃபேன் காத்து அடிக்குது. கசிஞ்சாலும் அங்கயே காஞ்சுரும். நிறுத்தினதும் தண்ணி நின்னுபோச்சு, காத்து நின்னுபோச்சு. ஆனா இரும்புல இருக்கற சூடு எங்க போகும்? உள்ள ஏறி முட்டுது. வெடிப்பு வாயைத் தொறந்துக்குது. ஆறினதும் மறுபடி மூடிக்கும். கயிறு கட்டுனாலும் சரி, காவலுக்கு ஆள் போட்டாலும் சரி, உனக்கு ஆப்டாது. அம்பது ரூவாக் குழாயி. கடையில இருக்குது, நாளைக்கு மாத்திரலாம்."

காளிச்சாமியின் முகம் தெளிந்தது. தெளிந்த முகம் அடுத்த கணமே இறுகியது.

"அப்பாஸு, அப்ப சூடாகாம ஒழுகாதா?"

அப்பாஸ் பானெட்டை மூடிவிட்டுக் கையைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான். அவன் கண் ஒருமுறை சமையல்கட்டு வாசலுக்குப் போய்த் திரும்பியது.

"பழைய ரப்பரு... சொல்ல முடியாது."

"முடியும். இப்பத்தானே காட்டினே. நின்ன எடத்துல ஓடினப்ப ஒழுகல. தூரம் போயிட்டு வந்தாத்தான் ஒழுகுது. நான் கடைசியா வண்டியை எடுத்தது பங்குனி உத்தரத்துக்கு. அப்ப ஏலநாளெல்லாம் ஆரு எடுத்தாங்க? அன்னிக்கு நான் பொள்ளாச்சியிலிருந்து வந்து நிக்கறப்ப சீறுச்சே, அப்பத்தான் எவனோ வந்து நிறுத்தியிருக்கறான்!"

திரும்பினார். தூணோரம் நின்ற ஏசுரத்தினம் தரையைப் பார்த்தான்.

"நீதானே?"

காளிச்சாமி தூணை நோக்கி இரண்டு எட்டு வைத்தார்.

"ஜீப் ஓட்டின கை சும்மா இருக்குமா? என்ற வண்டியை எடுத்துட்டு எங்கடா போனே? அக்கட்ட இருக்கறவனுக்குத்தானே ஓட்டுனே? கேக்கறேன்ல!"

"நான் தொடலய்யா."

"அப்ப ஆரு தொட்டது?"

ஏசுரத்தினம் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லும்யா!" மூக்கம்மாள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கல்லு மாதிரி நிக்கீரு! தெரிஞ்சதைச் சொல்லிட்டுப் போவும்!"

"சும்மா கெட மூக்கு. சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"வாக்கா?" காளிச்சாமி குரலை உயர்த்தினார். "என்ற சோத்தைத் தின்னுட்டு அவனுக்கு வாக்கா? சாமானைக் கட்டு. பொழுது எறங்கறதுக்குள்ள சாளையில ஒரு பாத்திரம் இருக்கக் கூடாது."

"காளி, கொஞ்சம் பொறு..." என்றான் அப்பாஸ்.

"நீ பேசாதே!"

மூக்கம்மாள் அழவில்லை. சாளைக்குப் போனாள். அங்கிருந்து பாத்திரங்கள் சாக்கில் விழும் சத்தம் கேட்டது. சத்தத்துக்கு நடுவே அவள் குரலும் வந்தது: "மலையில இருந்து ஒருமட்டம் எறக்கி விட்டாச்சு. இப்ப இங்க இருந்து ஒருமட்டம். புள்ள இப்பத்தான் மலையாள எழுத்துக் கூட்டிப் படிக்கா. இனி எந்த ஊர்ல போய் எந்த எழுத்தைப் படிக்க? நீரு வாக்கைக் கட்டிக்கிட்டு அழும்!"

சரஸ்வதியம்மாள் வாசலிலிருந்து இறங்கினாள். புருசனைப் பார்க்காமல் நடந்தாள். காரின் கதவைத் திறந்து ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கடியில் இடுக்கிக்கொண்டாள்.

"தள்ளி நில்லுங்க" என்றாள்.

இஞ்சின் உறுமியது. பின்னால் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கனத்த வண்டியை ஒரே மூச்சில் பின்னுக்கு எடுத்து, தென்னைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே வளைத்து, வாசலில் நேராக நிறுத்தினாள். தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த காக்கை பறக்கக்கூட இல்லை.

அணைத்துவிட்டு இறங்கினாள்.

"மூக்கம்மா, சாமானை எறக்கி வெய்யி. அவனைத் திட்டாதீங்க. ஓட்டுனது நானுங்க."

காளிச்சாமிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. "நீயா?" என்றார். அப்புறமும் ஒருமுறை, "நீயா?"

"நீங்க ஏலத்துக்குப் போற நாளாப் பார்த்து, பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குங்க. இவனை நான்தான் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன். எறங்கறப்ப கைத்தாங்கலா ஊட்டுக்குள்ள கொண்டுபோய் உடறதுக்கு ஆள் வேணும். முத்தாத்தா அக்கா ஒருத்தியால முடியுமா?"

முத்தாத்தாள் அண்ணன் பெண்டாட்டி. அந்த வீட்டில் இத்தனை வருசம் யாரும் சொல்லாத பெயர் வாசலில் வந்து விழுந்தது. ரத்தம் காய்ந்த பஞ்சு காளிச்சாமியின் கண்ணுக்குள் வந்தது, பிளாஸ்டர் வந்தது, மத்தியானம் தெளித்த சாணி வந்தது. பின்னால் பானெட்டுக்குள் சீறல் மறுபடி கிளம்பியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பஸ்ஸுல நிக்க முடியல. ஆட்டோக் குலுக்கலுக்கு ஊசி குத்தின எடத்துல ரத்தம் நிக்கறதில்ல. ஒருநாள் ரோட்டோரம் உக்காந்திருந்தாருங்க. பார்த்துட்டு எப்படிங்க வர்றது?"

காளிச்சாமி காரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்ல வேண்டியது எதுவென்று தேடினார். எத்தனையோ வருசம் சேர்த்து வைத்ததில் கைக்கு அகப்பட்டது ஒன்றுதான்.

"பூவுல ஏமாத்தினேன்னு கோயில் வாசல்ல கத்துனானே! இப்ப என்ற வண்டியிலயே ஏறி, அப்பன் எடத்துல சட்டமா உக்காந்துட்டானா?"

சரஸ்வதியம்மாள் முன்கதவைத் திறந்தாள். இடது ஓரத்தில் அப்பாஸ் தள்ளி வைத்த தேங்காய்ச் சாக்கை எடுத்துக் கீழே வைத்தாள். தூசியை முந்தானையால் தட்டினாள்.

"முன்னால உக்காருங்க மாமா, காலை நீட்டிக்கலாம்னு ஒவ்வொரு தடவையும் கதவைத் தொறந்துட்டு நிக்கறனுங்க, 'அது அப்பன் சீட்டு சரசு, நான் போய் அதுல உக்காரறதா'ன்னு பின்னாலயே சுருண்டு படுத்துக்கறாருங்க உங்கண்ணன்."